அப்ராஸோ என்ற சொல்

செவ்வாய்க் கோளில் எல்லோரும் தூத்துக்குடித் தமிழ்தான் பேசினார்கள், சேர்மத்துரையின் காதுக்கு மட்டும். காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மொழிவில்லை, சீனாக்காரனையும் சிலிநாட்டுக்காரனையும் ஒன்றுபோல "என்ன அண்ணாச்சி, சாப்டாச்சா?" என்று கேட்கவைத்தது. நிலத்தடிப் பனியைத் தோண்டித் தண்ணீராக்கும் பனிக்கிணறு ஒன்றுக்கு ஓர் ஆள். தோண்டுவது எந்திரங்களின் வேலை, எந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆளின் வேலை. ஆளை ஆள் பார்க்கவேண்டிய தேவை இல்லை.

அண்ணன் இறந்த செய்தி வந்தபோதும் அவன் எந்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தகப்பன் இல்லாத வீட்டில் அவனைப் படிக்கவைத்து, சோறு போட்டு வளர்த்த அண்ணன். அழுகை வரவில்லை. ஊரில் என்றால் துட்டி கேட்க வருகிறவர்கள் கையைப் பிடிப்பார்கள். பிடித்த மாத்திரத்தில் உடைந்துவிடும். இங்கே பிடிக்க ஆளில்லை.

மேலிடம் எல்லாக் கிணறுகளுக்கும் துட்டியை அறிவித்தது. அப்போதுதான் அடுத்த கிணற்று எவாரிஸ்தோவிடமிருந்து செய்தி வந்தது. வருடக்கணக்காகக் குழாய் அழுத்தம், உதிரிபாகம் என்று எழுதுகிறவன். முகம் பார்த்ததில்லை. இந்த முறை ஆறுதல் சொல்லி, 'ஒரு பலமான அணைப்பு' என்று முடித்திருந்தான்.

சேர்மத்துரை மொழிவில்லையைத் தட்டினான். "ஏல, அணைப்புங்கான். அவன் பாஷையில என்னதான் சொல்லுதான்?"

"அப்ராஸோ, அண்ணாச்சி. ஸ்பானிஷ்ல ரொம்பப் புழங்குத சொல்லு. ரெண்டு கையாலயும் சேத்துப் பிடிக்கது. கல்யாணத்துலயும் உண்டு, துட்டியிலயும் உண்டு. ஆம்பளைக்கு ஆம்பளையும் பிடிச்சு முதுகுல தட்டுவாவ."

"ஆம்பளைக்கு ஆம்பளையா?"

"நாணாதிய. கடுதாசி முடிக்கையிலயும் போடுவாவ. சும்மா தெரிஞ்சவருன்னா 'அப்ராஸோஸ்'னு பொதுவா. நெருங்குனவருக்கு ஒரே ஒரு அப்ராஸோ. பலமானன்னு சேத்தா, இன்னும் இறுக்கி."

"இவன் இறுக்கில்லா போட்டிருக்கான்."

"ஆமா, நல்லா இறுக்கித்தான்."

அந்தச் சொல்லைத் தன் வாயாலேயே சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. வேலைக்கு நடுவே முணுமுணுத்துப் பழகினான். கொக்கியில் தொங்கிய விண்ணுடையைக் கட்டிப்பிடித்து, முதுகில் எங்கே தட்டுவது என்று பார்த்துக்கொண்டான். பிறகு குழாய் அடைப்பிதழ் பழுது, அடுத்த கிணற்றில் உதிரி வாங்கவேண்டும் என்று மேலிடத்துக்குப் பொய் சொல்லி, ஊர்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

எவாரிஸ்தோ ஒல்லியாக, வழுக்கையாக இருந்தான். கதவைத் திறந்தவன் பயந்துபோனான்.

"என்ன அண்ணாச்சி, கிணறு உடைஞ்சிட்டா?"

"இல்ல. அண்ணன் தவறுனதுக்கு எழுதியிருந்தியள்லா, அதான்."

"யாரு அண்ணன்?" எவாரிஸ்தோ விழித்தான். பிறகு சங்கடமாகச் சிரித்தான். "அய்யோ, அது நான் எழுதல. பதில் போடுத எந்திரம், பதிலாள், அது எழுதியிருக்கும். எல்லாக் கிணத்துலயும் உண்டே, உங்களுதுலயும் இருக்கும். வாரதப் படிச்சு, என்ன சொல்லணுமோ சொல்லிப்போடும். நமக்குத் தொந்தரவே கெடையாது."

சேர்மத்துரைக்கு முகம் சூடேறியது. ஆனாலும் இவ்வளவு தூரம் வந்தாயிற்று. கைகளைப் பாதி விரித்து, "அப்ராஸோ" என்றான்.

எவாரிஸ்தோ ஓர் அடி பின்னால் போனான். "அத எழுதத்தான செய்வோம். நேர்ல யாரு அண்ணாச்சி செய்யுதா?"

கைகள் தாமாகவே இறங்கின.

"கோவிச்சுக்கிடாதிய," என்றான் எவாரிஸ்தோ, குரல் இறங்கி. "உங்க கடுதாசி ஒண்ண மட்டும் நான் படிச்சிருக்கேன். எம் பொண்டாட்டி செத்தப்போ போட்டிய பாருங்க. அத வச்சுத்தான் அந்த மாசத்தத் தள்ளுனேன். அது... நீங்க எழுதுனதுதான?"

அவனுக்கு மனைவி இருந்ததே சேர்மத்துரைக்கு இப்போதுதான் தெரியும்.

"நான்தான்," என்றான்.

எவாரிஸ்தோவின் கண் கலங்கியது. கையை நீட்டுவான் போலிருந்தது. நீட்டவில்லை. "சரி, பாத்துப் போங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

ஊர்தி பாதி வழியில் செம்மண் மேட்டில் ஏறும்போது திரையில் செய்தி வந்தது. 'நீங்கள் நேரில் வந்தது எனக்குப் பெரிய ஆறுதல். அண்ணனின் பிரிவைத் தாங்கும் வலிமை உங்களுக்குக் கிடைக்கட்டும். ஒரு பலமான அணைப்பு. எவாரிஸ்தோ.'

எழுதியது யார் என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் இரண்டாம் முறை படித்தான். மூன்றாம் முறை எழுத்து தெரியவில்லை. ஊர்தியை நிறுத்திவிட்டு, தலைக்கவசத்துக்குள் துடைக்க வழியில்லாமல், அண்ணனுக்காக அழுதான்.

அழுது முடிப்பதற்குள், அவன் பெயரில் பதில் போயிருந்தது.