கம்பிவலை ஓட்டையில் ஒரு கை

பகல் பன்னிரண்டு மணிக்குக் கடை திறந்ததும் முதலில் உள்ளே நீண்ட கை ஈரமாக இருந்தது. தொப்பூர்ப் பக்கம் மழை பெய்து இருபது நாளாகிறது. வெயில் மண்டையைப் பிளந்தது.

மாரப்பனுக்கு வாடிக்கையாளர் என்றால் கைதான். மதுக்கடையின் கம்பிவலையில் ஒரு கை நுழையுமளவு ஓட்டை; பணம் வரும், பாட்டில் போகும். வலையில் படிந்த தூசியில் முகம் சரியாகத் தெரியாது, அவரும் குனிந்து பார்த்தவரில்லை. கையை வைத்தே வயசு சொல்லிவிடுவேன் என்று பதினோரு வருடமாகப் பீற்றிக்கொண்டவர். அந்தப் பீற்றல் போன மாதம் மண்ணைக் கவ்வியது. வயசுக்கு அடையாள அட்டை கேட்காமல் அவர் பாட்டில் கொடுத்த ஒரு பையன், அரை மணி நேரத்தில் கணவாய் இறக்கத்தில் லாரிக்கு அடியில் கிடந்தான். வீரமணி, வயது பதினெட்டு. எதிர்ச்சுவரிலேயே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தொன்று ஆனதற்கு அட்டை காட்டாத யாருக்கும் இப்போது பாட்டில் கிடையாது. காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிய மகன் பாரதிக்கும் பத்தொன்பதுதான் என்ற நினைப்பு வேறு அவரை அரித்தது.

“கார்டு காட்டுப்பா.”

கை ஓர் அட்டையை வைத்தது. டீசலும் பச்சை ரத்தமும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. வெளியே வரிசையின் கூச்சல், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் லாரிகளின் கிறீச்சல், எல்லாம் யாரோ கதவைச் சாத்தியதுபோல நின்றுபோயின. அட்டையில் வீரமணி. போஸ்டரில் இருந்த அதே முகம்.

பயத்தில், மாரப்பனுக்குத் தினமும் சொல்வதுதான் வாயில் வந்தது.

“இருபத்தொண்ணு ஆவலப்பா. குடுக்க முடியாது.”

“இனிமே ஆவாதுங்ணா,” என்றது வெளியே ஒரு குரல். மரியாதையாகத்தான் சொன்னது.

கை பின்வாங்கியது. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிட்டார்.

கை திரும்பி வந்தது. இன்னோர் அட்டை. டிரைவிங் லைசென்ஸ். கவிழ்த்து வைத்தது.

“எனக்கு வேணாங்ணா. கூட ஒருத்தன் வந்திருக்கான். இப்பத்தான் வந்தான். அவனுக்குக் குடுங்க.”

திருப்ப மனசு வரவில்லை. திருப்பினார்.

பாரதி. தகப்பன் பெயர் மாரப்பன்.

ஓட்டைக்குள் இரண்டாவது கை நுழைந்தது. தடவித் தடவி. கம்பியில் தோல் உரிய உரிய.

அவர் குனிந்து முகம் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியாத கையா அது? விரல் கொடுத்து நடை பழக்கிய கை.

ஈரம். இன்னும் சூடு ஆறவில்லை.

உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தது.