அறுநூற்று நாற்பது காலடிகள்

மாலை ஐந்தரைக்கு அலமாரிக்குள்ளிருந்து போன் அலறியது. சாம்ராஜ் நடக்கக் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு வைத்த அலாரம்.

சாம்ராஜ் இறந்து பத்தொன்பது நாளாகியிருந்தது.

லோயிஸ் அதை நிறுத்தினாள். திரையில் கணவனின் இன்றைய கணக்கு தெரிந்தது. பன்னிரண்டு காலடி. நாடித்துடிப்புக்கு நேரே வெறும் கோடு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டு பதினைந்தாயிற்று.

முதல் அட்டாக் வந்தபோது, திருப்பதி ஆஸ்பத்திரியில் ஒருமுறை சார்ஜ் போட்டால் ஒரு மாதம் தாங்கும், சிம் போட்ட வாட்ச் ஒன்றை அவர் கையில் கட்டி அனுப்பினார்கள். தினமும் ஐயாயிரம் காலடி நடக்க வேண்டும், கணக்கு தானாக அங்கேயும் அவர் போனுக்கும் போய்விடும், குறைந்தால் நர்ஸ் பிளெஸ்ஸி போனில் கூப்பிட்டுத் திட்டுவாள். அவரோ பத்து வீடு தாண்டுவதற்குள் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"என்னால ஆவல லோயிசு. நீ கட்டிக்கினு நடந்துட்டு வாயேன்" என்று ஒருநாள் கெஞ்சினார். மனசு கேட்காமல் கட்டிக்கொண்டாள். சித்தூரில் அவர்கள் வீட்டு வாசலிலிருந்து சபைக் கல்லறைத் தோட்டத்தின் கேட் வரை அறுநூற்று நாற்பது காலடி. போக, வர. போக, வர. அவள் திரும்பும்போது ஈஸிச்சேரில் படுத்தபடி, "ஆயிடுச்சா?" என்பார்.

அவள் நடையையும் அவள் துடிப்பையும் பார்த்துவிட்டு, டாக்டர் சந்தோஷமாக அடுத்த பரிசோதனையை இரண்டு மாதம் தள்ளிப் போட்டார். சாம்ராஜ் அதுவரை இருக்கவில்லை.

வாட்சைத் திருப்பிக் கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயத்தில், அதே கல்லறைத் தோட்டத்தில் கேட்டை ஒட்டி அடக்கம் செய்த அன்று, சவப்பெட்டியை மூடுமுன் அவர் மணிக்கட்டிலேயே அதைக் கட்டி, கல்யாணக் கோட்டின் கையை இழுத்து மறைத்தாள். ஆஸ்பத்திரிக்குச் சாவையும் சொல்லவில்லை.

இருநூற்றுப் பத்து.

போன் மணி அடித்தது. நர்ஸ்.

"லோயிஸம்மா! இத்தன நாளா எங்க போனீங்க? சாரு இன்னிக்கு சூப்பரா நடந்துக்கினு இருக்காரே! பல்ஸு மட்டும் வரல. பட்டைய கொஞ்சம் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கம்மா."

லோயிஸ் சட்டென்று போனை வைத்தாள்.

நானூற்று எண்பது.

தெருவில் கத்தி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் சத்தம் ஒரே நொடியில் நின்றது. ஜன்னல் வழியே ஈரமண் வாசனை. அதற்கடியில், பெட்டிக்குள் அவள் தெளித்த செண்ட். அழுகிய சாமந்தி.

அறுநூறு.

தாழ்ப்பாளைப் போட்டாள். ஷூ சத்தம். இழுத்து இழுத்து. நடுவில் மூச்சு வாங்கும் இடைவெளி இல்லை. முன்பெல்லாம் இருக்கும்.

அறுநூற்று முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

நின்றது.

ஓட நினைத்தாள். ஆனால் ஒரே ஒருமுறை அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தானே பத்தொன்பது நாளும் அழுதாள்? அவள் கையே தாழ்ப்பாளை விலக்கியது.

கோட்டுக் கை. மண். அதற்குள் வாட்சின் பச்சை வெளிச்சம், விட்டு விட்டு.

"இன்னிக்கு நானே நடந்துட்டேன் லோயிசு... இனிமே நீ படுத்துக்கோ."