அசற்றோன் மணக்கும் கை

மீன் வைக்கும் ரெஜிபோம் நுரைப் பெட்டியின் வெள்ளை மூடியில் ஒரு கை பதிந்திருந்தது. அழுக்குக் கையல்ல. உள்ளங்கையும் விரல்களும் பட்ட இடமெல்லாம் ரெஜிபோம் உருகிக் குழிந்திருந்தது. றஞ்சனிக்கு முதலில் கோபம்தான் வந்தது. அசற்றோன் கையோடு குசினிக்குள் வராதே என்று இந்த மனுசனுக்கு எத்தனை தரம்தான் சொல்வது!

பைபர் படகு கட்டுகிற வீட்டில் அசற்றோன் தண்ணீர் மாதிரிப் புழங்கும். றெசின் பசை பிடித்த தூரிகையையும் கையையும் அதில்தான் கழுவுவார்கள். ஊற்றினால் ஐஸ் போலக் குளிரும், உடனே காய்ந்தும் போகும், தோல் வெளிறிவிடும், ரெஜிபோம் சீனியாகக் கரைந்துவிடும்.

மூடியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறக் கொட்டிலுக்குப் போனாள். முல்லைத்தீவுக் கரையில் பின்னேரத்திலிருந்தே மழை. அவள் புருசன் றொமேஸ் படகைச் சுற்றித் தறப்பாளை நிலம்வரை இழுத்துக் கட்டி, படகுக்குள் இறங்கி அதன் உள்ளடியை அசற்றோனால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இஞ்சருங்கோ, இது உங்கட வேலைதானே?"

தறப்பாளை விலக்கிக் கையை நீட்டினான். றப்பர் கையுறை. "காலமை போட்டது, இன்னும் கழட்டேல்லையப்பா. குசினிப் பக்கம் நான் வரவேயில்லை."

"இதைக் கொஞ்சம் திறந்து விடுங்கோவன். மணம் தலைக்கு ஏறுது."

"மழை அடிக்குது. நாளைக்குக் கடலில இறக்கவேணும்."

"மெழுகுதிரி கொளுத்திறேல்ல, சொல்லிப்போட்டன்."

"ஓம், ஓம். பற்றறியில எரியிற திரி வாங்கி வச்சிருக்கிறன்."

குசினிக்குத் திரும்பி, வெளிச்சத்தில் மூடியைச் சரியாகப் பார்த்தபோதுதான் கவனித்தாள். சுண்டுவிரல் பாதியில் நின்றது.

றொமேசின் தம்பி டிலக்ஸனுக்குத்தான் சுண்டுவிரல் பாதி. மீதியைப் படகு எஞ்சின் எடுத்திருந்தது. புதுப் படகை இறக்குவதற்கு முதல்நாள், கட்டியவன் கையாலேயே அதன் முன்மூக்கான அணியத்தில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவது இந்த வீட்டு வழக்கம். போன வருசம் இதே கொட்டிலில், இதே தறப்பாள் மறைப்புக்குள், அசற்றோனால் கழுவிய படகுக்குள் இருந்து டிலக்ஸன் நெருப்புக்குச்சியைக் கிழித்தான். அசற்றோன் ஆவி காற்றைவிடப் பாரம், மேலே போகாது, பள்ளம் பார்த்துப் படுத்துக் கிடக்கும். திரி பற்றவில்லை. அவன்தான் பற்றினான், எரிந்தே செத்தான். அதற்குப் பிறகு இந்த வீட்டில் மாதா படத்துக்கு முன்னால்கூட யாரும் திரி ஏற்றுவதில்லை.

றஞ்சனி அடுப்படித் தட்டைப் பார்த்தாள். நெருப்புப்பெட்டி இல்லை.

மழைக்குள் ஓடினாள்.

"இஞ்சருங்கோ! இஞ்சருங்கோ!"

கொட்டிலுக்குள் மணம் மூக்கில் இல்லை, முழங்காலுக்குக் கீழே கிடந்தது. குனிந்து தறப்பாளைத் தூக்கியபோது இனிப்பாய் முகத்தில் அடித்தது. படகின் உள்ளடியில் றொமேஸ் வாய் திறந்தபடி கிடந்தான்.

ஐயோ மாதாவே.

உள்ளே குதித்தாள். அவன் தோளுக்கடியில் கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்து இழுத்தாள். அசையவில்லை. இன்னொருதரம். தலை சுற்றியது. கால் வழுக்கியது.

அணியத்தில் பற்றறித் திரி சரிந்து கிடந்தது. அது இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மெழுகுதிரி. உண்மையான திரி. இன்னும் பற்றாத திரி.

அதற்குப் பின்னால் இருட்டு. இருட்டுக்குள் நெருப்புப்பெட்டி குலுங்கும் சத்தம்.

"தம்பி, வேண்டாமடா... அண்ணா கிடக்கிறாரடா..."

சத்தம் நின்றது. அவள் இழுத்தாள். றொமேசின் தலை அவள் மடியில் சரிந்தது. மூச்சு இருந்தது. இருந்தது!

இருட்டிலிருந்து இரண்டு கைகள் வந்தன. ஈரமான, வெளிறிய கைகள். ஒன்றில் சுண்டுவிரல் பாதி.

உரசல்.

பற்றவில்லை. பெட்டி மழையில் நனைந்திருந்தது.

இழுத்தாள். உரசல். பற்றவில்லை. இழுத்தாள்.

பாதி விரல் கை பெட்டியை மெதுவாகத் திருப்பி, நனையாத பக்கத்தை மேலே கொண்டுவந்தது.