எல்லைக்கோட்டில் ஓர் அடுப்பு

"உங்க அடுப்பு என் நிலத்துல இருக்கு."

மழையில் சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்ற நெட்டையன் சொன்ன முதல் வார்த்தை இதுதான். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை...

சுன்னிவா கையில் காப்பிக் கெண்டியோடு அப்படியே நின்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"அடுப்பு. அந்தப் புகைக்குழாய் வரைக்கும் என் நிலம். கட்டில் உங்க பக்கம்தான் வருது. நல்லா பாத்துட்டேன்."

"என் கட்டிலை நீங்க எப்போ பாத்தீங்க?"

அவ்வளவுதான். நெட்டையனின் காது இரண்டும் சுட்ட செங்கல் நிறத்துக்குப் போயின.

"இல்ல... கதவு திறந்திருந்துச்சு... நான் வேணும்னு பாக்கல..."

"வெளியிலேயே நில்லுங்க. ஐயோ, நனையறீங்களே, உள்ள வாங்க. வேண்டாம், அங்கேயே நில்லுங்க!"

"ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணுங்க."

"காலைத் துடைச்சிட்டு வாங்க!"

துடைத்தான். குனிந்து உள்ளே வந்தான். அப்போதுதான் அவள் அவன் கண்களைப் பார்த்தாள். மழை விட்டதும் புல்வெளிக்கு மேல் ஒரு வெளிர் நீலம் தெரியுமே... அந்த நீலம். இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு இப்படியா ஒரு செய்தி சொல்வது!

பெயர் ஹால்வோர். மேற்கே ஆளில்லாமல் கிடந்த நிலத்துக்கு அந்த வாரம்தான் அரசாங்கத்திடம் மனுப் போட்டிருந்தான். எல்லைக்கல்லிலிருந்து வண்டிச் சக்கரத்தில் துணி கட்டி, அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணி அளந்திருக்கிறான். டகோட்டாவில் எல்லோரும் அப்படித்தான் அளப்பார்கள். மரமும் இல்லை, வேலியும் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் புல்லைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில் வேறெப்படி அளப்பது?

"நாங்களும் அப்படித்தான் அளந்தோம். நான் இங்க குடியேறி வர்ற வசந்தத்தோட அஞ்சு வருஷம். அஞ்சு வருஷம் சொந்த மண்ணுல தூங்கி, உழுது விதைச்சா பட்டா. என் பேருல. நேத்து வந்துட்டு அடுப்பைக் கேக்கறீங்களா?"

"அடுப்பைக் கேக்கல. எங்க இருக்குன்னு சொன்னேன்."

"நாளைக்கு எங்க அப்பா வருவார். திரும்ப அளப்போம். உங்க கணக்கு தப்புன்னா?"

"மன்னிப்புக் கேக்கறேன்."

"சும்மா கேட்டா பத்தாது. தொப்பியைக் கழட்டிட்டுக் கேக்கணும்!"

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. அவன் போனபிறகும் சிரிக்கவில்லை... கொஞ்சம்தான்.

மறுநாள் கிழக்குப் பக்கத்து நிலத்திலிருந்து அப்பா தோஸ்தன் நாலு சக்கர மாட்டு வண்டியோடு வந்தார். மேற்குக் கோடியில் இருந்த எல்லைக்கல்லுக்குப் போனார்கள். கிழவர் ஒரு கயிற்றை எடுத்துப் பின் சக்கரத்தைச் சுற்றி நிதானமாக அளந்தார். பிறகு மகளின் சிவப்புக் கழுத்துத் துணியை வாங்கி... சின்ன முன் சக்கரத்தில் கட்டினார்.

ஹால்வோர் பார்த்தான். வாயைத் திறந்தான். கிழவரின் நரைத்த தாடியைப் பார்த்ததும் பேசாமல் மூடிக்கொண்டான்.

ஆனால் சுன்னிவாவும் பார்த்துவிட்டாள்.

"அப்பா... இப்போ எந்தச் சக்கரத்தை அளந்தீங்க?"

"பெரிய சக்கரத்தை."

"துணி?"

"பின் சக்கரம் பூராவும் சேறும்மா. அதுல போய் யாரு கட்டுவா?"

"அன்னைக்கும் இப்படித்தான் கட்டினீங்களா?"

"அன்னைக்கும் சேறுதான்."

மாடு காதை ஆட்டியது. சின்னச் சக்கரம் பெரிய சக்கரத்தின் கணக்கைச் சுற்றினால் தூரம் குறையத்தானே செய்யும்? அவள் நிலம் எங்கே தொடங்குகிறதென்று நினைத்தாளோ, அதற்கும் கிழக்கே தள்ளித்தான் நிஜமாகவே தொடங்குகிறது. ஊற்றுக்குப் பக்கத்துச் சரிவு என்று ஆசையாய்த் தேர்ந்து கட்டிய மண்வீடு... குறுக்கே கோடு ஓடியது. கட்டிலும் ஊற்றும் அவளுடையவை. அடுப்பு அவனுடையது.

"போகட்டும் விடுங்க," என்றான் ஹால்வோர். "அடுப்பு இருக்கற இடத்துலயே இருக்கட்டும். எவ்வளவு நாள் வேணும்னாலும் இருந்துக்கோங்க."

"கடலுக்கு அந்தப் பக்கம், நம்ம ஊர்ல, தம்பி எந்தப் பண்ணை?" என்று கேட்டார் தோஸ்தன்.

"தெலமார்க்ல ஹெல்லே பண்ணை. நான் மூணாவது பையன், எனக்கு அங்க ஒண்ணும் கிடையாது."

அவன் சொன்ன மீதியைக் கிழவர் கேட்கவேயில்லை. பண்ணைப் பெயர் காதில் விழுந்த கணமே அவர் கை தானாக மேலே போனது. தொப்பி இறங்கி நெஞ்சுக்கு வந்தது.

"பெரிய மனசு, சின்ன எஜமான்."

சுன்னிவாவுக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது.

கடல் தாண்டி வந்தது இதற்கா? அந்த ஊரில் அப்பா இப்படியொரு பெரிய பண்ணையில் பண்ணையாள். குடிசை பண்ணைக்காரருடையது. "இருந்துக்கோ தோஸ்தன், எவ்வளவு நாள் வேணும்னாலும்" என்று சொன்னவர்தான், ஓர் இலையுதிர் காலத்தில் வேறு ஆளுக்குக் குடிசை வேண்டும் என்று ஒரே வாரத்தில் காலி பண்ணச் சொன்னார். அம்மா எரிகிற அடுப்பில் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றினாள். அந்தச் 'சுர்ர்' சத்தம்... கப்பலிலும் கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது.

"அந்த வார்த்தையை இங்க யாரும் சொல்லக்கூடாது," என்றாள்.

"எந்த வார்த்தை?"

"இருந்துக்கோன்னு சொன்னீங்களே, அது. இன்னொருத்தர் மண்ணுல நான் இனி அடுப்பு மூட்டமாட்டேன்."

"நான் நல்ல மனசோடதானே..."

"எல்லாரும் நல்ல மனசோடதான் சொல்வாங்க!"

அன்று மாலையே இரும்பு அடுப்பு வெளியே வந்தது. கோட்டுக்குக் கிழக்கே, வெட்டவெளியில், தூறலில் அவள் கஞ்சி காய்ச்சினாள். புகை கண்ணைக் கரித்தது. கண்ணீர் புகையால்தான்... வேறெதனாலும் இல்லை!

அடுத்த நாள் மேற்குப் பாதியின் சுவர்களை மேலிருந்து இடிக்க ஆரம்பித்தாள். புல்வேரோடு வெட்டி அடுக்கிய மண்கட்டிகளை ஒவ்வொன்றாய்ச் சுமந்து வந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் அடுக்கினாள்.

"அறுவடை நெருங்குது. இப்போ போய் வீட்டை இடிப்பாங்களா?" ஹால்வோர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினான்.

"என் வீடு, நான் இடிக்கறேன்."

"அந்தக் கட்டியெல்லாம் எந்த நிலத்துல வெட்டினது?"

"என் நிலத்துல. சந்தேகம்னா மோந்து பாருங்க!"

நிஜமாகவே ஒன்றை எடுத்து மோந்து பார்த்தான், பைத்தியக்காரன்.

"ஆமா. திமிர் வாசனை அடிக்குது."

அவள் ஒரு சின்னக் கட்டியை எடுத்து எறிந்தாள். குறி தப்பவில்லை.

புதுச் சுவர் எழுந்துவிட்டது. அந்தப் பக்கம் பாதி வீட்டின் மூன்று சுவர்கள் அரை உயரத்தில் மொட்டையாய் நின்றன. ஒருநாள் அவன் கோட்டோரம் வந்து தொண்டையைச் செருமினான்.

"ஒரு விஷயம் கேக்கணும். எனக்கு மூணு சுவர் இருக்கு. நாலாவது உங்களோடது. என் கூரையை அதுமேல சாய்ச்சுக்கலாமா?"

ஹெல்லே பண்ணைக்காரன் தோஸ்தன் மகளிடம் கேட்கிறான்... அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாடகை?"

"தரமாட்டேன். நானும் யாருக்கும் பண்ணையாள் இல்ல."

பதில் பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"கேட்டதால சரி."

அப்படித்தான் டகோட்டாவின் வெட்டவெளியில் இரண்டு வீடுகள் ஒரே சுவரில் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்தன. ஊருக்குச் சும்மா இருக்க முடியுமா? ஆற்றங்கரைக் குரினே அக்கா ஞாயிறு பிரார்த்தனை முடிந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி சுன்னிவா, இவ்வளவு பெரிய டகோட்டாவுல அவனுக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"இடம் நிறைய இருக்கு அக்கா. சுவர்தான் இல்ல."

"சுவருக்குக் காது உண்டா?"

"நல்லா கனமான சுவர் அக்கா. ஒண்ணும் கேக்காது."

பொய். காலையில் அவன் மாட்டோடு பேசுவது கேட்கும். காப்பிக்கொட்டை அரைப்பது கேட்கும். அது கேட்காத நாளில் ஏன் மனசு இப்படிச் சுவரோரமே போய் நிற்கிறது?

அறுவடை முடிந்து காற்று கூர்மையானது. ஹால்வோர் தினமும் பீப்பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போய்வந்தான். அரைநாள் போய்விடும். திரும்பும்போது விரல்கள் நீலம் பாரித்திருக்கும். அவள் ஊற்று அவன் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். கூரைக்குக் கேட்கத் தெரிந்தவனுக்குத் தண்ணீர் கேட்கத் தெரியவில்லையா? 'கேட்டா குடுக்கமாட்டேனா... இந்த நெட்டையனுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?'

ஒருநாள் பொறுக்க முடியாமல் போய் வண்டியை மறித்தாள்.

"எதுக்கு ஆத்துக்குப் போறீங்க?"

"தண்ணிக்கு."

"இங்க ஓடறது என்ன, பாலா?"

"அது உங்க ஊற்று."

"என் ஊற்றுதான். நான்தான் சொல்றேன், எடுத்துக்கோங்க. எவ்வளவு நாள் வேணும்னாலும் எடு..."

நின்றுவிட்டாள். தன் வாயிலிருந்தா வந்தது? அதே வார்த்தை. சொல்லும்போது அவள் மனதில் எஜமானியும் இல்லை, பண்ணையாளும் இல்லை. அந்த நீலம் பாரித்த விரல்கள்தான் இருந்தன... அப்படியென்றால் அன்றைக்கு இவன் சொன்னதும்?

ஹால்வோரின் கண்களில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"அந்த வார்த்தையை இங்க யாரும் சொல்லக்கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்கே?"

"சட்டம் போட்டது நான்தானே. நானே மாத்திக்கறேன்."

"அப்போ அடுப்பைத் திரும்ப என் பக்கம் கொண்டு வரலாமா?"

"அது மட்டும் நடக்காது!"

அன்றைக்குத்தான் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

முதல் பனி ஒரு நண்பகலில் விழுந்தது. அப்பா வந்திருந்தார். சுன்னிவா உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஹால்வோர் குடத்தோடு ஊற்றுக்கு வந்தான். கிழவர் பரபரவென்று வெளியே ஓடினார். தொப்பி ஏற்கெனவே கையில்.

"சின்ன எஜமான்... நானே சொல்லிடறேன். எங்க பொண்ணு முரடுதான், வேலையில புலி. கட்டிக்கோங்க. நிலத்தை உங்க பேருக்கே விட்டுக்குடுத்துடுவா. ஹெல்லே பண்ணை வீட்டுக்கு மருமகளா போறதுன்னா எங்களுக்கெல்லாம்..."

"அப்பா!"

வாசலில் நின்றாள் சுன்னிவா. கையெல்லாம் மாவு. கிழவரின் வழுக்கைத் தலையில் பனி விழுந்து உருகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கோபம் எங்கோ போய்விட்டது.

"தொப்பியைப் போடுங்கப்பா."

"இல்லம்மா, மரியாதைக்கு..."

"போடுங்கன்னு சொல்றேன். நீங்க நிக்கறது உங்க பொண்ணு மண்ணு. இங்க யாராவது தொப்பியைக் கழட்டணும்னா, வந்தவர் கழட்டட்டும்."

கிழவர் நடுங்கிப் போனார். ஆனால் ஹால்வோர் குடத்தைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றினான். அவன் பொன்னிறத் தலையில் பனி பூப்பூவாய் உட்கார்ந்தது.

"சக்கரம் அளந்த அன்னைக்கே கழட்டியிருக்கணும், ஐயா," என்றான் கிழவரிடம். "பெரியவர் நீங்க." பிறகு அவள் பக்கம் திரும்பினான். "சுன்னிவா, எனக்கு உன் நிலம் வேண்டாம். என் நிலத்தை நானும் விடமாட்டேன். உன்னைத்தான் கேக்கறேன். அந்த மழையில, கெண்டியைத் தூக்கிட்டு என்னை அடிக்க வர்ற மாதிரி நின்ன பாரு... அப்பவே கேட்டிருப்பேன். வாயைத் திறந்தா அடுப்புதான் வந்துச்சு."

அவளுக்குக் கன்னம் சுட்டது. பனியில் எப்படிச் சுடும்?

"வசந்தத்துல பட்டா வரும். என் பேருல. அப்புறம்தான் பாதிரியார்."

"சரி."

"அப்புறமும் என் கட்டில் என் மண்ணுலதான்."

"என் கட்டில் என் மண்ணுல. அளந்து போட்டுக்கலாம்... பின் சக்கரத்தால."

"நில அலுவலர் வந்து, யாரு எந்த மண்ணுல தூங்கறீங்கன்னு கேட்டா?" என்றார் தோஸ்தன் பலவீனமாக.

"எந்தக் கட்டில் எங்க இருக்குன்னு அவரே உள்ள வந்து பாக்கட்டும்பா. இவருக்குச் சிவந்த மாதிரி அவருக்கும் காது சிவக்கும்."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று உள்ளே போனாள். மண்வெட்டியை எடுத்தாள். தானே சுமந்து, தானே அடுக்கிய சுவர். ஓங்கி ஒரு வெட்டு.

"என்னம்மா பண்றே!"

"கதவு வைக்கறேன்."

"கல்யாணத்துக்கு முன்னாலயா? குரினே ஊரெல்லாம் சொல்லுவாளே!"

"சொல்லட்டும். தாழ்ப்பாள் என் பக்கம்தான்."

அந்தப் பக்கமும் தொப் தொப்பென்று சத்தம் கேட்டது. அவனும் வெட்டுகிறான்! வேரும் மண்ணும் உதிர்ந்தன... உதிர்ந்தன... கடைசியில் கையளவு ஓட்டை. அதற்குள் ஒரு கண். மழை விட்ட வானத்தின் அந்த நீலம்.

"சுன்னிவா... இன்னும் நீ பதிலே சொல்லலையே?"

"சுவரை வெட்டிட்டு நிக்கறேன். இன்னுமா பதில் வேணும்?"

"வேணும். காதால கேக்கணும்."

ஓட்டையருகே முகத்தை வைத்து மெதுவாகச் சொன்னாள்.

"உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப... காது சிவந்தப்பவே."

அந்தக் கண் நனைந்தது. ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. தோள் நுழையும் அளவு வந்ததும் அவன் காலை எடுத்து உள்ளே வைக்கப் போனான். மண்வெட்டிப் பிடி குறுக்கே நீண்டது.

பின்னால் தோஸ்தன் மெல்லத் தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டு, அவள் அடுப்பருகே போய் உட்கார்ந்தார்.

"காலைத் துடைச்சிட்டு வாங்க," என்றாள் சுன்னிவா.