எட்டாவது ஓட்டு

"எஸ்பெ...!"

அனாக்லெட்டோவின் அலறலில் தெருவே நடுங்கியிருக்க வேண்டும்.

நடுங்கவில்லை.

மணிலா முழுக்கப் பட்டாசு வெடித்துக் கொண்டிருந்தது!

இன்ஸ்பெக்டர் லிகாயா உள்ளே நுழைந்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி எஸ்பெரான்சா சாப்பாட்டு மேஜை மேல் தலை சாய்த்திருந்தாள். தூங்குகிற மாதிரி...

கையில் பாதி கடித்த பன். பக்கத்தில் கவிழ்ந்த கோப்பை.

டி.வி. மட்டும் உற்சாகமாய்க் கத்தியது.

"தேர்தலைத் தள்ளிவைத்த அதிபரின் ஆணை செல்லாது! எட்டுக்கு ஏழு...!"

லிகாயா கோப்பையை முகர்ந்தாள். முகம் மாறியது.

"சார்... என்ன நடந்துச்சு?"

அனாக்லெட்டோ மனைவியின் விரல்களைப் பிடித்தபடியே இருந்தார். சூடு போய்விடுமோ என்ற பயம் அந்தப் பிடியில்.

"வேற யாருக்காவது சொன்னீங்களா?"

"பையனுக்கு... போன்ல. 'அம்மா போயிட்டாடா'ன்னேன். அதுக்கு மேல வாய் வரலை."

வாசலில் கார் கிறீச்சிட்டது.

மகன் ரூஃபினோ. அதிபர் மாளிகையின் வக்கீல். கோட்டும் டையுமாய் ஓடி வந்தான்.

"அம்மா...!"

அழுதான். நன்றாகவே அழுதான்.

பிறகு கண்ணைத் துடைத்தான்.

"மேடம், நேரத்தை எழுதிக்கோங்க. அம்மா விடியக்காலையிலேயே போயிட்டாங்க."

"அதனால?"

"தீர்ப்பை வாசிக்கிறதுக்கு முன்னாடி ஜட்ஜ் செத்துட்டா அவங்க ஓட்டு செல்லாது. இப்ப ஏழுக்கு ஏழு! அதிபரோட ஆணை நிக்கும். வெளியில பட்டாசை நிறுத்தச் சொல்லுங்க!"

லிகாயா அவனையே பார்த்தாள்.

"அம்மா பொணம் எதிர்ல கிடக்கு... ஓட்டு எண்ணுறீங்களே தம்பி? சரி, விடியக்காலைன்னு யார் சொன்னா?"

"இதுல என்ன சொல்றதுக்கு இருக்கு? கண்ணு முழிச்சதும் பிளாஸ்க்ல இருக்கிற இஞ்சி டீதான் குடிப்பாங்க. நேத்து ராத்திரி நான் சாப்பிட வந்தப்பகூட போட்டு வெச்சாங்க..."

"டீயிலதான் விஷம்னு நான் சொல்லவே இல்லையே!"



அனாக்லெட்டோ மெல்லத் தலை நிமிர்ந்தார்.

"ரூஃபி... இன்னிக்கு என்ன கிழமைடா?"

"வெள்ளி... அதுக்கென்னப்பா?"

"மாசத்துல முதல் வெள்ளி."

அவன் முகம் வெளிறியது.

"கியாப்போ கோயில்ல நற்கருணை அப்பம் வாங்கற வரைக்கும் உங்கம்மா பச்சைத் தண்ணிகூடத் தொட மாட்டாளே! சின்ன வயசுல நீயும்தானே பசிக்குதுன்னு அழுதுக்கிட்டே அவகூடப் போவே? மறந்துட்டியா?"

"அப்பா..."

"பூசை முடிஞ்சு வந்தா. டி.வி. முன்னாடி உட்கார்ந்தா. தீர்ப்பு முழுசையும் கேட்டா. 'ஜெயிச்சுட்டோம் கிழவா, இப்ப டீ ஊத்து'ன்னு சிரிச்சா..."

தன் வலது கையை விரித்துப் பார்த்தார்.

"நான்தான்டா ஊத்தினேன்... இந்தக் கையால! என் கையை ஏன்டா பயன்படுத்தினே?"

ரூஃபினோ கதவைப் பார்த்தான். அங்கே இரண்டு போலீஸ்காரர்கள்.

"மந்திரி பதவி தர்றேன்னாங்கப்பா... அம்மாகிட்ட எவ்வளவோ கெஞ்சினேன். கேட்டாங்களா?"

"'அதிபருக்கு எதிரா ஓட்டுப் போட்டாலும் எம்புள்ளை வேலைக்கு ஆபத்து வரக்கூடாது'ன்னுதான் இன்னிக்குக் கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தா..."

அவர் மனைவியின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டு, அதிலேயே முகம் புதைத்தார்.

வெளியே கூட்டம் அவள் பெயரைச் சொல்லி வாழ்த்திக் கோஷம் போட்டது.

கைவிலங்கு 'க்ளிக்' என்றது.

"விடுங்க! மாளிகை என்னைக் கைவிடாது! உச்ச நீதிமன்றம் வரைக்கும் அப்பீல் போவேன்!"

"தாராளமா போ தம்பி..." லிகாயா ஈரக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா, அங்க உனக்காக அழக்கூடிய ஒரே ஜட்ஜை நீயே கொன்னுட்டியே!"