நெட்டையன் வேய்ந்த கூரை

ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஏணி, ஒரு சாக்கு நிறையக் கருவிகள். கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு அவ்வளவோடுதான் அவள் வீட்டு வாசலில் போய் இறங்கினேன். நல்ல வெயில். வேறு மாப்பிள்ளையாக இருந்தால் முதலில் வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்திருப்பான். நான் ஓடு வேயும் ஓட்டுக்காரன், அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். அப்போதே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

அது நெட்டையன் வேய்ந்த கூரை. நெட்டையன் என்பவன் அவளுடைய முதல் புருஷன். அவனும் ஓட்டுக்காரன்தான். யார் வீட்டுக் கூரையிலிருந்தோ விழுந்து செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நூல் பிடித்தது போல வரிசை வரிசையாகத் தட்டோடுகள். குறை சொல்ல ஓர் இடமாவது கிடைக்குமா என்று கழுத்து வலிக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. செத்தவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அவள் அவனைப் பற்றிப் பேசவே மாட்டாள். நான்தான் தோண்டித் துருவிக் கேட்டேன். ஓடு பதிக்கும் முன் அதை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். நல்ல ஓடு கணீரென்று கேட்கும், விரிசல் விட்டது மொட்டையாகச் சத்தம் போடும். நான் ஒரு தடவை தட்டுவதோடு சரி. நெட்டையன் மூன்று தட்டுவானாம். அவன் மேலேயிருந்து மூன்று தட்டினால் இவள் கீழே கரண்டிக் காம்பால் நடுத்தூணில் மூன்று தட்டுவாளாம்.

“சும்மா, ஒரு விளையாட்டு” என்றாள். சொல்லும்போது அவள் கண் கூரையில் இருந்தது.

அந்த வருஷத்து முதல் பெருங்காற்றில், படுக்கையறைக்கு மேலே நாலு ஓடு நழுவியது. ஓடு சும்மா நழுவாது. ஆணி துருப்பிடித்து அறுந்திருக்கும், இல்லையென்றால் ஆணி இறங்கியிருக்கும் ரீப்பர் கட்டை உளுத்திருக்கும். அப்புறம் காற்று கீழ் விளிம்பில் நுழைந்து லேசாகத் தூக்கினால் போதும். இங்கே துரு. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. நாலு ஓடு மாற்றவேண்டிய இடத்தில் நாற்பது ஓடுகளைக் கழற்றிக் கொல்லையில் அடுக்கினேன். எங்கள் கட்டிலுக்கு மேலே இருக்கிற கூரையாவது என்னுடையதாக இருக்கட்டும். புது ஓடு, புது ஆணி. ஒவ்வோர் ஆணியையும் பல்லைக் கடித்துக்கொண்டு அறைந்தேன்.

பத்தே நாளில் ஒழுகியது.

அவள் பக்கம் ஒரு பொட்டு ஈரமில்லை. சொட்டு நேராக என் தலையணையில் விழுந்தது. பக்கம் மாறிப் படுத்தேன். அடுத்த மழையில் சொட்டும் பக்கம் மாறிக்கொண்டது.

அவள் அக்கா புருஷன், என் சகலை, நெட்டையனோடு பல வருஷம் வேலை பார்த்தவர். அவரைக் கூட்டி வந்தேன். மேலே ஏறிப் பார்த்ததும் திட்டத் தொடங்கிவிட்டார். ஓடு ஆணியில் தொங்கவேண்டும், நசுங்கக் கூடாது. இறுக்கி அடித்தால், வெயிலுக்கும் மழைக்கும் மரம் அசையும்போது ஓடு வெடித்துவிடும். தொழிலில் முதல் நாள் பாடமே அதுதான் என்றார்.

“யார் மேல இருந்த கோவத்த இந்த ஆணி மேல காட்டின, சகல?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேச்சு நின்றது. வெடித்த ஓடுகளில் ஆணிகளே இல்லை. அத்தனையும் கூரை ஓரத்தில் தண்ணீர் வடியும் தகரத்துக்குள் கிடந்தன. கிடந்தன என்றா சொன்னேன்? அடுக்கியிருந்தன. கோணல் நிமிர்த்தி, தலையெல்லாம் ஒரே பக்கமாக.

கழற்றிய ஆணியை இப்படி நிமிர்த்தி அடுக்குகிற ஆள் ஒருத்தன்தான் என்று சகலை முணுமுணுத்தார். இறங்கியவர் செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டார்.

மறுநாள் உச்சி வெயிலில் நான் மட்டும் ஏறினேன். பயம் இல்லாமல் இல்லை. வயிற்றெரிச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தது. காற்று துளியும் இல்லை. காய்ந்து கிடந்த ஓடுகளின் நடுவே எங்கிருந்தோ மழை ஈரத்தின் வாசனை வந்தது. என்ன தோன்றியதோ, விரலை மடக்கித் தட்டினேன்.

மூன்று தடவை.

கீழே சத்தமே இல்லை.

அப்புறம், டொக். டொக். டொக்.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். எனக்கும் தட்டிவிட்டாள்! பரபரவென்று ஏணியில் இறங்கினேன். பாதி ஏணியில்தான் தெருமுனை கண்ணில் பட்டது. இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு அவள் வந்துகொண்டிருந்தாள்.

வாசலில் பூட்டு தொங்கியது.

ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் இங்கேதான் இருக்கிறான் என்று தெரிந்தால் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாளா? அந்த வாரமே என் ஓடுகளை எல்லாம் இறக்கினேன். கொல்லையில் கிடந்த அவன் ஓடுகளைத் துடைத்து, அவை இருந்த இடத்திலேயே வைத்தேன். துருப்பிடிக்காத செம்பு ஆணி போட்டேன். ஓடு லேசாக ஆடும்படி இடம் விட்டு, மெதுவாக அடித்தேன். கடைசி ஓட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னேன்.

“வீடு உன்னோடதுதான்யா. அவள மட்டும் எனக்கு விட்டுடு.”

அதற்குப் பிறகு அடைமழையிலும் ஒரு சொட்டு விழவில்லை. நானும் ஒரு மாசம் நிம்மதியாகத் தூங்கினேன்.

நேற்று ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக் கூரையில் வேலை. காலையில் போனவன் சாயங்காலம்தான் திரும்பினேன். அவள் முகம் பளிச்சென்று இருந்தது. கட்டிலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தானாக என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இது முதல் தடவை.

“மத்தியானம் நடுவுல வந்து மேல தட்டினீங்கல்ல, கேட்டுச்சு. நீங்களா ஒரு நாள் தட்ட மாட்டீங்களான்னு எத்தனை நாள் காத்துட்டிருந்தேன் தெரியுமா? நானும் பதிலுக்குத் தட்டினேங்க.”

அந்தப் பதில் தட்டுதான் எனக்கென்று அவள் முதல்முதலாகக் கொடுத்தது. அதையும் அவன் வாங்கிக்கொண்டான். இல்லை என்று சொன்னால் இந்தக் கையும் போய்விடும்.

“ஆமா, நான்தான்” என்றேன்.

தலைக்கு நேர் மேலே ஒரே ஒரு தட்டு விழுந்தது. மொட்டையாக.

அவள் என் கையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

“ஒண்ணு வெடிச்சிருக்கு போலங்க” என்றாள்.