சாம்பல் ராஜாவுக்குக் கொடுத்த குரல்

கண்ணாடிக்கடைக்காரர் மாடியறையைத் திறந்தபோது வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே மட்டும் மங்கல். இரண்டு ஜன்னலும் பக்கத்துக் கட்டடச் சுவரைப் பார்த்தே வயசானவை. மூடிக் கிடந்த அறையின் புழுக்க வாடை, அதற்கு அடியில் பழைய மருந்து வாடை போல ஏதோ ஒன்று.

ஞாயிறுதோறும் இங்கே நண்பர்கள் கூடிப் பகடை உருட்டி, கதை ஆட்டம் ஆடி, ஒரு மாயதேசத்தில் உலவுவார்கள். ஆளுக்கொரு வீரன். கதையை நடத்துவதும், வில்லன்களுக்குக் குரல் கொடுப்பதும் கண்ணாடிக்கடைக்காரர். ஒரு மூக்குக்கண்ணாடி கேட்டு வந்தவரை இரண்டோடு அனுப்புகிற வாய், வில்லனுக்கா தடுமாறும்?

இன்று தடுமாறியது. போன ஆட்டத்தில் செத்துப்போன வில்லன் சாம்பல் ராஜாவைப் பேயாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

"கொன்னவன் வாய் வழியாத்தான் பேய் பேசும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க மாமா?" என்றான் தையல்கார மச்சான்.

"மாத்திக்கலாம்டா."

"பேரம் பேச இது கடையா? மேசையில சொன்னா சொன்னதுதான்."

கொன்றது எலக்ட்ரீஷியனின் வீரன். எலக்ட்ரீஷியன் இப்போது உயிரோடு இல்லை. அந்த வீரனை ஆட அவர் மனைவி முதல் முறையாக வருகிறாள்; சட்டப்படி பேயின் வாய் இனி அவள்தான்.

எலக்ட்ரீஷியனுக்கு நுரையீரலில் கோளாறு. இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சில் விசில், பிறகு வறட்டு 'ம்ம்'. அதை அப்படியே சுருட்டி ராஜாவின் குரலாக்கியவர் கண்ணாடிக்கடைக்காரர்தான். மேசையே உருண்டு சிரித்தது. எலக்ட்ரீஷியனும் சிரித்தார். ராஜாவை ஒரே வீச்சில் கொன்றுவிட்டுப் படியிறங்கியவர் அதன்பின் ஏறவில்லை.

அவரும்தானே சிரித்தார் என்று சொல்லிச் சொல்லியே கண்ணாடிக்கடைக்காரர் இத்தனை நாள் தூங்கினார்.

அவள் வந்து புருஷனின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தப்பா ஆடினா சிரிச்சிராதீங்கண்ணே. அவர் இங்கதான் சந்தோஷமா இருந்தாரு. என்னதான் இருக்குன்னு பார்க்க வந்தேன்."

பேயை ஊமையாக்கிவிடுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தார்.

"கோட்டை வாசல்ல சாம்பல் ராஜா நிக்கிறான்," என்று ஆரம்பித்தார். "ஆனா ஒண்ணும் பேசல."



அவள் வாய் திறந்தது. கண் மட்டும் பகடையிலேயே இருந்தது.

"திரும்பி வந்துட்டேன்... ஈஈஈ... ம்ம்."

மச்சானின் கையிலிருந்த பகடை தரையில் உருண்டது. யாரும் குனியவில்லை.

"இந்தக் குரல் உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?" கண்ணாடிக்கடைக்காரரின் கேள்வி பாதி காற்றாகத்தான் வந்தது.

"எந்தக் குரல்? நான் இன்னும் வாயே திறக்கலையேண்ணே."

அதற்குமேல் தாங்கவில்லை.

"அது உன் புருஷன் மூச்சும்மா. நான்தான் கேலிக்கு எடுத்தேன். எல்லாரும் சிரிச்சோம்."

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"அதான் வீட்ல பேசுறதையே நிறுத்திட்டாரா?" என்றாள் மெதுவாக. "கோவமான்னு கேட்டேன். தலையாட்டினாரு. தண்ணி வேணுமான்னு கேட்டாலும் தலையாட்டல்தான். கடைசி வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலண்ணே. நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு..."

முடிக்காமல் எழுந்தாள். மன்னிப்பு என்ற சொல் கண்ணாடிக்கடைக்காரரின் தொண்டை வரை வந்தது. அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

மறுநாள் கடையில் ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதனை. விளக்கைப் பிடித்து அவர் முகத்தருகே குனிந்தார் கண்ணாடிக்கடைக்காரர். கை ஆடக்கூடாதென்று வழக்கம்போல மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டார்.

"பாவம் சார் நீங்க," என்றார் பெரியவர் கனிவாக. "முதல்ல உட்காருங்க. இப்படி விசிலடிக்குதே, மூச்சு விடவே கஷ்டப்படுறீங்க."

கண்ணாடிக்கடைக்காரர் அடக்கிய மூச்சை இன்னும் விடவே இல்லை.